பரிணாமப் பாடத்துக்கு டீச்சர்களைத் தயார் செய்வது எப்படி: முதலில் பிபிடியை மூடுங்கள்

"செயல்வழிக் கற்றல்" என்று பேனர் கட்டிவிட்டு, அறுபது டீச்சர்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து, மூன்று மணி நேரம் பிபிடி ஓட்டுகிற பயிற்சிக்கு நீங்களும் போயிருப்பீர்கள். மத்தியானச் சாப்பாடு எப்படி இருந்தது என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது. வேறு எந்தப் பாடத்துக்கு அப்படிச் செய்தாலும் போகட்டும், பரிணாமத்துக்கு மட்டும் செய்யாதீர்கள். ஏனென்றால் இந்தப் பாடத்தில் பிள்ளைகளுக்கு இருக்கிற தப்பான புரிதல்கள் பெரும்பாலும் டீச்சர்களுக்கும் இருக்கின்றன, அது அவர்களுக்கே தெரியாது, ஸ்லைடைப் பார்த்துத் தலையாட்டுகிறவரை வெளியேயும் வராது.

பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பள்ளிகளில் உயிரியல் எடுக்கும் நம் ஆட்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். நான்கு நான்கு பேராக உட்காரும்படி மேஜை வேண்டும், ஒரு கரும்பலகை வேண்டும். புரொஜெக்டர் இல்லாவிட்டால் நல்லதே.

இந்த ஒரு பாடத்துக்கு எதற்குத் தனிப் பயிற்சி என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலில் முன்பு மரபும் பரிணாமமும் சேர்ந்தே ஒரு பாடமாக இருந்தது. சுமையைக் குறைக்கிறோம் என்று பரிணாமத்தை வெட்டிவிட்டு மரபை மட்டும் வைத்தார்கள். 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் இதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமத்துக்கு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, நீட் எழுதுகிற பிள்ளை அதைப் படித்துவிடும். காமர்ஸ் எடுக்கிற பிள்ளை? பத்தாவதில் டீச்சராகப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. இத்தனைக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூருக்குள் நுழைந்தால், தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" என்று தனிப் பாடமே இருக்கிறது. அந்தப் பிடிஎஃப் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், கலைச்சொற்களுக்காகவாவது டீச்சர்கள் கையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

முதல் வேலை: வோட்டு

வணக்கம் சொன்னதும் பலகையில் இதை எழுதுங்கள். "ஒரு ஏரியாவில் கொசு மருந்து அடித்தார்கள். முதலில் நன்றாக வேலை செய்தது. சில வருஷம் கழித்து அதே மருந்துக்குக் கொசு சாகவில்லை. ஏன்?" கீழே நான்கு விடை. ஒன்று, கொசுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டன. இரண்டு, மருந்தைத் தாங்கக்கூடிய சில கொசுக்கள் முன்பே இருந்தன, அவற்றின் வாரிசுகள் பெருகிவிட்டன. மூன்று, மருந்து பட்டதால் கொசுவின் உடம்பில் எதிர்ப்பு உண்டானது. நான்கு, மருந்தில் கலப்படம்.

விடை எண்ணை விரலால் காட்ட வேண்டும், கையைத் தூக்காமல் நெஞ்சோடு ஒட்டி வைத்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் பக்கத்தில் இருப்பவர் பார்த்து மாற்றிக்கொள்ள மாட்டார். எண்ணிக்கையைப் பலகையில் எழுதுங்கள், விடையைச் சொல்லாதீர்கள். அடுத்து, வேறு எண் காட்டிய ஒருவரைத் தேடிப்போய் மூன்று நிமிஷம் வாதம் செய்யச் சொல்லுங்கள். பிறகு மறுபடி வோட்டு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990களில் இந்த முறையைப் பரப்பினார், அதற்குப் பிறகு எல்லாப் பாடத்துக்கும் பரவிவிட்டது. காசு செலவே இல்லை.

என் அனுபவத்தில் முதல் ரவுண்டில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நிறைய விரல் விழும். எம்.எஸ்சி. படித்தவர்களும் போடுவார்கள். யாரையும் கேலி செய்யாதீர்கள், பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். இரண்டாவது வோட்டில் எண்ணிக்கை நகர்வதைப் பார்க்கும்போதே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும், வாய் திறந்து பேசினால் தானாகவே மாறுகிறது என்று. விடை இரண்டு என்று இப்போதும் சொல்ல வேண்டாம். நேராக அடுத்த வேலைக்குப் போங்கள்.

புள்ளி வேட்டை

பயிற்சியின் மையமே இதுதான். குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பேப்பரில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின் ஒன்று வேண்டும். முந்தின நாள் ராத்திரியே உட்கார்ந்து புள்ளிகளை வெட்டி வைத்துவிடுங்கள். தமிழ் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்திலிருந்து வெட்டியவை, வெள்ளைத் தாளில் வெட்டியவை, சிவப்பு சார்ட் பேப்பரில் வெட்டியவை என்று மூன்று வகை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முழு வரி விளம்பரப் பக்கத்தை மேஜையில் விரித்து, வகைக்கு பத்தாக முப்பது புள்ளிகளைத் தூவுங்கள். தூவுவதற்கு முன் ஃபேனை நிறுத்துங்கள். இதை மறந்தால் முப்பது புள்ளியும் தரையில்தான், அடுத்த கால் மணி நேரம் பெருக்குகிற வேலைதான்.

புள்ளிகள்தான் இரை. நான்கு பேரில் மூன்று பேர் பறவை, ஒருவர் கணக்குப்பிள்ளை. பறவை திரும்பி நின்று, சட்டென்று மேஜைப் பக்கம் திரும்பி, கண்ணில் முதலில் பட்ட புள்ளியை எடுக்க வேண்டும், மறுபடி திரும்பிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஐந்து. பதினைந்து போய்விட்டால் மிச்சம் பதினைந்து. மிச்சமிருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் அதே வகையில் ஒரு குட்டி, மறுபடி முப்பது. இப்படி மூன்று தலைமுறை. ஒவ்வொரு தலைமுறை முடிவிலும் மூன்று வகையின் எண்ணிக்கையையும் பலகையில் எழுத வேண்டும். நான்காவது தலைமுறைக்கு வரி விளம்பரத்தை எடுத்துவிட்டு, சிவப்பு அதிகமாக இருக்கிற சினிமா விளம்பரப் பக்கத்தை விரியுங்கள்.

சத்தம் வரும், சிரிப்பு வரும், ஒரு மேடம் ஏமாற்றுவார். விடுங்கள். ஆட்டம் முடிய முப்பது நிமிஷம் போதும். மீதி ஒரு மணி நேரமும் கேள்விக்குத்தான், அங்கேதான் பாடம் இருக்கிறது. பெரும்பாலான பயிற்சிகளில் விளையாட வைத்து, "பார்த்தீர்களா, இதுதான் இயற்கைத் தேர்வு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். டீச்சரும் பள்ளிக்குப் போய் அதையே செய்வார், பிள்ளைகளுக்குப் புள்ளி பொறுக்கிய ஞாபகம் மட்டும் மிஞ்சும்.

நான் கேட்கிற கேள்விகளைச் சொல்கிறேன். "எந்தப் புள்ளியாவது தன் நிறத்தை மாற்றிக்கொண்டதா?" இல்லை. அப்படியானால் மாறியது எது? குழுவுக்குள் பேசவிடுங்கள், உடனே பதில் வராது. தனிப் புள்ளி எதுவும் மாறவில்லை, கூட்டத்தில் எந்த வகை எவ்வளவு என்கிற விகிதம்தான் மாறியது என்று யாராவது ஒருவர் சொல்லும்வரை பொறுங்கள். சொன்னதும் பலகையில் இருக்கிற கொசுக் கேள்வியைக் காட்டி, கொசுவுக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டிய அவசியம் இருக்காது.

அடுத்தது, "ஆரம்பத்தில் முப்பதும் சிவப்பாகவே இருந்திருந்தால்?" வேறுபாடு இல்லாத இடத்தில் தேர்வு செய்ய ஒன்றுமில்லை, இதுவும் தானாக வந்துவிடும். "சூழலுக்கு அந்த நிறம் தேவைப்பட்டதே, அதற்காகப் புது நிறம் பிறக்குமா?" இங்கேதான் சண்டை சூடு பிடிக்கும். சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் திடீரென்று வருகிற மாற்றம், தேவையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை, அது பாட்டுக்கு நடக்கிறது, உதவினால் தங்குகிறது என்கிற இடத்துக்கு அவர்களே வர வேண்டும். பக்கத்தை மாற்றிய பிறகு இன்னொரு கேள்வி. "சிவப்பு மூன்றாவது தலைமுறையிலேயே அழிந்துபோன குழுவில் இப்போது என்ன ஆகும்?" முன்பு தோற்ற வகை இப்போது ஜெயித்திருக்கும், ஆனால் அது இல்லையே. அதை ஒரு மேஜையில் கண்ணால் பார்த்துவிட்ட டீச்சர், "சிறந்த உயிரினம்" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதைக் குறைத்துக்கொள்வார்.

ஒரு குழுவில் கணக்கு எதிர்பார்த்தபடி வராது. விளம்பரப் புள்ளி குறைந்து வெள்ளை கூடியிருக்கும். அந்தக் கணக்கை அழிக்கச் சொல்லாதீர்கள், ஒதுக்கவும் செய்யாதீர்கள். சின்னக் கூட்டத்தில் தற்செயலாகவே விகிதம் மாறலாம், மரபணு நகர்வு என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. பாடப்புத்தகத்தில் நான்கு வரியில் கடந்துபோகிற விஷயம் உங்கள் மேஜையில் சும்மா கிடைத்திருக்கிறது, எதற்குத் தூக்கிப்போட வேண்டும்?

கடைசியாக, "இந்த விளையாட்டில் எதெல்லாம் பொய்?" என்று கேளுங்கள். குட்டி தாயை அப்படியே உரித்து வைக்கிறது, சடுதிமாற்றமே இல்லை, ஆண் பெண் இல்லை, பறவைக்கு வயிறு நிறைவதே இல்லை. இந்தப் பட்டியலை டீச்சர்கள் ஆசையாகப் போடுவார்கள். ஒரு மாதிரியின் குறையைச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மாதிரி புரிந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

விளையாட்டை விளையாட்டாகவே விட்டுவிடாமல், உடனே நிஜத்தில் நடந்த ஒன்றைக் கொடுங்கள். கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவு. 1977இல் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்துபோய்ப் பெரிய, கெட்டியான விதைகள்தான் மிஞ்சின. பெரிய அலகு உள்ள ஃபிஞ்ச் குருவிகள் அதிகம் பிழைத்தன, அடுத்த தலைமுறையின் சராசரி அலகே பெரிதாகிவிட்டது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி குருவிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அலகை அளந்து வைத்திருந்ததால் இது தெரியவந்தது. "எந்தக் குருவியின் அலகாவது வளர்ந்ததா?" என்று கேட்டால், இந்த முறை யோசிக்காமல் பதில் வரும்.

நம் பக்கத்து உதாரணங்கள்

பத்தாவதில் மரபுப் பாடம் மட்டுமே இருக்கிறது என்று முறையிடுகிறவர்களுக்கு அரிவாள் செல் சோகை என்கிற பரம்பரை ரத்த நோயைக் கொடுங்கள். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952இல். மாறிய மரபணு இரண்டு பிரதி இருந்தால் கடுமையான நோய். ஒரே பிரதி என்றால் மலேரியா முற்றிப்போவதிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. இந்த இரண்டு தகவலையும் சொல்லிவிட்டு, "நோய் கொடுக்கிற மரபணு ஏன் இன்னும் ஒழியவில்லை?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மரபுப் பாடத்தில் வருகிற புன்னெட் கட்டத்தைப் போட்டு அவர்களே கண்டுபிடிப்பார்கள். சிலபஸுக்கு வெளியே ஒரு அடிகூட வைக்கவில்லை, பரிணாமம் நடத்தியாகிவிட்டது.

காலையில் கே.ஆர். மார்க்கெட் பக்கம் போனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், ப்ரோக்கோலி, டர்னிப், முள்ளங்கி எல்லாம் வாங்கிவிடலாம். மேஜையில் கொட்டி, சொந்தபந்தங்களைச் சேர்த்து வையுங்கள் என்று சொல்லுங்கள். எல்லாரும் நூல்கோலையும் டர்னிப்பையும் ஜோடி சேர்ப்பார்கள், உருண்டையாக இருக்கிறதே. முதல் நான்கும் ஒரே இனம், பிராசிகா ஒலரேசியா. நூல்கோல் பருத்த தண்டு, டர்னிப் வேறு இனத்தின் பருத்த வேர். ஒரே காட்டுச் செடியிலிருந்து இலைமொட்டைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் முட்டைக்கோஸையும், பூங்கொத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் காலிஃபிளவரையும் உண்டாக்கினார்கள். பயிற்சி முடிந்ததும் காய்களை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதற்குத் தனி வோட்டு வைத்துக்கொள்ளலாம்.

பொருளே கொண்டுவர முடியாத பள்ளிக்கு மணிக்கட்டு போதும். உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட்டபடி மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு தசைநாண் கயிறு போல எழும்பும். சிலருக்கு எழும்பாது, சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். இல்லாதவர்களுக்குப் பிடியில் சொல்லும்படியான குறை எதுவும் கிடையாது, அறுவை மருத்துவர்கள் வேறிடத்தில் ஒட்டுப்போட இந்தத் தசைநாணைத்தான் எடுப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் வகுப்பு முழுக்க வேறுபாட்டுக் கணக்கு பலகையில் வந்துவிடும். "எனக்கு இல்லை, அப்ப நான் உங்களைவிட அட்வான்ஸ்டு" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும், ஏணி மாதிரி மேலே ஏறுவதுதான் பரிணாமம் என்கிற எண்ணத்தைப் பிடித்துப் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அமைப்பு ஒத்த உறுப்புகளுக்கு, அதாவது வேலை வேறானாலும் அடிப்படை அமைப்பு ஒன்றாக இருக்கிற உறுப்புகளுக்கு, கோழி இறக்கை எலும்பு நல்ல பொருள்தான், ஆனால் பாதிப் பள்ளிகளில் அசைவம் உள்ளே வரக்கூடாது. வௌவால், திமிங்கிலம், மனிதன் முன்னங்கை எலும்புப் படங்களை வெட்டிக் கொடுத்து ஒரே எலும்புக்கு ஒரே வண்ணம் அடிக்கச் சொன்னால் அதே வேலை நடக்கும்.

கயிறும் லால்பாக் பாறையும்

46 மீட்டர் நைலான் கயிறு வாங்குங்கள். பூமியின் வயது சுமார் 460 கோடி வருஷம், ஆக 1 மீட்டருக்கு 10 கோடி வருஷம், 1 சென்டிமீட்டருக்கு 10 லட்சம். முடிந்தால் பெங்களூர் லால்பாக் பூங்காவிலேயே நடத்துங்கள், கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற அந்தப் பாறையின் வயது சுமார் 300 கோடி வருஷம், தேசியப் புவியியல் சின்னம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். கயிற்றில் அது இன்றிலிருந்து 30 மீட்டர் பின்னால். அந்தப் பாறை உருவானபோது பூமியில் நுண்ணுயிர்களைத் தவிர வேறு உயிரில்லை.

டைனோசர் வந்தது, டைனோசர் போனது, இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியது, மனிதன் வந்தது, ஹைதர் அலி லால்பாகை ஆரம்பித்தது என்று சீட்டு எழுதிக் கொடுத்து, முதலில் ஊகத்தில் கிளிப் மாட்டச் சொல்லுங்கள். மனிதன் சீட்டு எப்போதும் பல மீட்டர் பின்னால் போய்த் தொங்கும். பிறகு கணக்குப் போட்டுத் திருத்தட்டும். டைனோசர்கள் சுமார் 2.3 மீட்டரில் தொடங்கி, பறவைகளாக மிஞ்சியவை தவிர, 66 சென்டிமீட்டரில் முடிகின்றன. தட்டு மோதல் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். நம் இனத்துக்கு வயது 3 லட்சம், அதாவது 3 மில்லிமீட்டர். 1760இல் தொடங்கிய லால்பாகுக்குக் கிளிப் மாட்ட இடமே இல்லை.

டீ இடைவேளையில் வரும் கேள்விகள்

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது?" பதில் சொல்லாதீர்கள், அவரவர் குடும்ப மரத்தை வரையச் சொல்லுங்கள். சித்தப்பா மகன் நமக்குத் தாத்தா இல்லை, இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான முன்னோர் கயிற்றில் சுமார் 6, 7 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

"தசாவதாரத்திலேயே மீன், ஆமை, பன்றி என்று வரிசையாக வருகிறதே, நம் ஆட்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்" என்று ஒரு சார் சொல்வார். கிறிஸ்தவப் பள்ளியிலிருந்து வந்த மேடம் அமைதியாக இருப்பார், ஆனால் அவருக்கும் ஒரு கேள்வி உள்ளே ஓடும். இரண்டு பேரையும் வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவதாரக் கதை ஒரே கடவுள் பல உருவம் எடுப்பதைச் சொல்கிறது. பரிணாமம் ஒரு கூட்டத்தின் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக மாறுவதைச் சொல்கிறது, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். இரண்டையும் குழப்பினால் பிள்ளைக்கு இரண்டுமே புரியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். வகுப்பிலும் நாம் யாரையும் நம்பச் சொல்லவில்லை, சான்று என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொல்கிறோம், அது போதும்.

"நாற்பது நிமிஷ பீரியடு, ஐம்பது பிள்ளைகள், பெஞ்சை நகர்த்த முடியாது, பக்கத்து கிளாஸ் மிஸ் புகார் பண்ணுவாங்க." இது நியாயமான கேள்வி, இதற்கு நியாயமான பதில் வேண்டும். முன் பெஞ்சு பின்னால் திரும்பி உட்கார்ந்தால் குழு தயார். புள்ளி வேட்டையை ஒரு பீரியடு, கேள்விகளை மறு பீரியடு என்று பிரியுங்கள். அதுவும் முடியாவிட்டால் விரல் வோட்டு மட்டும், வாரம் ஒன்று. எச்.எம். கேட்டால் சொல்ல ஒரு ஆய்வு இருக்கிறது. ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறும் விரிவுரை வகுப்பில் இருந்தவர்கள் ஃபெயிலாகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம். அது கல்லூரி வகுப்புகளின் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

மத்தியானம் சாக்பீஸ் அவர்கள் கையில்

சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் பின் பெஞ்சுக்குப் போய்விட வேண்டும். நான்கு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் பன்னிரண்டு நிமிஷப் பாடம் நடத்தும், மற்றவர்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். இரண்டு பேருக்கு மட்டும் ரகசியச் சீட்டு கொடுங்கள். ஒருவர் "ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டித்தான் வளர்ந்தது மிஸ்" என்று அடம்பிடிக்க வேண்டும், இன்னொருவர் எதற்குமே பதில் பேசக்கூடாது. நிஜ வகுப்பில் கஷ்டம் கொடுப்பது இந்த இரண்டாவது பிள்ளைதான்.

முடிந்ததும் "நல்லா இருந்தது மேடம்" என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ள விடாதீர்கள். இரண்டே விஷயம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டீச்சர் கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருந்தார், யார் அதிகம் பேசினார்கள், டீச்சரா பிள்ளைகளா. வாட்ச் பார்த்து எண்ணினால் இரண்டு விநாடிகூடக் காத்திருக்காமல் தானே பதில் சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். எண்ணைச் சொன்னால் போதும், விமர்சனம் தேவையில்லை. நேரம் இருந்தால் அதே குழு அதே பாடத்தின் முதல் ஐந்து நிமிஷத்தை மறுபடி நடத்தட்டும்.

கிளம்பும்போது ஆளுக்கு ஒரு கவரில் வெட்டிய புள்ளிகள், கொசுக் கேள்வி மாதிரி நான்கு வோட்டுக் கேள்விகள், இரண்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். "பிறகு மெயில் பண்றோம்" என்பதெல்லாம் நடக்காது. வாட்ஸப் குழு ஒன்று ஆரம்பித்து, மூன்று வாரத்துக்குள் இரண்டு விஷயம் மட்டும் போடச் சொல்லுங்கள். புள்ளிக் கணக்கு எழுதிய பலகையின் போட்டோ, அப்புறம் வகுப்பில் ஒரு பிள்ளை சொன்ன தப்பான பதில், அந்தப் பிள்ளையின் வார்த்தையிலேயே, பெயர் இல்லாமல். அடுத்த முறை கூடும்போது வோட்டுக்கான தப்பு விடைகளை நீங்கள் யோசித்து எழுத வேண்டியதில்லை, அந்தக் குழுவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.